வானொலி உரைகளைப் பதிந்து வைக்கும் கையடக்கக் கருவி

பயிர்த் தொழிலுக்கு வேண்டிய யோசனைகள் வேண்டிய தருணத்தில் கிடைப்பது அரிது. வானொலியில் விவசாய உரை நிகழும் வேளையில் குடியானவர் மடை திறக்கவோ, மாட்டுக்குத் தீனி வைக்கவோ போயிருப்பர். வீட்டிலிருந்து கேட்பவரும், மருந்தின் அளவைக் குறித்துக்கொள்ளக் காகிதம் தேடுவதற்குள் உரை முடிந்துவிடக் காண்பர். வானொலியைக் கேட்கவும், கேட்பதை அப்படியே பதிந்து வைக்கவும் வல்ல கையடக்கக் கருவி இக்குறையை நீக்கும். அதன் அமைப்பும், புதுவைப் பகுதி விவசாயிகள் அதனைக் கையாள வேண்டிய முறையும் இங்கு விவரிக்கப்படுகின்றன.

வானொலியும் நெல்லும்

வானொலி உரையினால் விளையும் நன்மைக்குத் தஞ்சை ஜில்லாவே தக்க சான்று. திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய வயதுடைய நெல் குறுவைப் பட்டத்துக்கு வந்தபோது, அதன் சாகுபடி முறைகளை அந்நிலையத்தார் இடைவிடாமல் ஒலிபரப்பினர். அதைக் கேட்டுப் பயிரிட்டவர்கள் அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு வழங்கினர். 1966 முதல் அகில இந்திய வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புக்கெனத் தனிப் பிரிவுகள் ஏற்பட்டன. புதுவைக்கு 1967இல் தனி நிலையம் கிடைத்தது.

கருவியின் அமைப்பு

1963இல் ஹாலந்து தேசத்துப் பிலிப்ஸ் கம்பெனியார் கேசட் என்னும் நாடாப்பெட்டியை வெளியிட்டனர். வானொலியும் கேசட்டும் ஒருங்கே அமைந்த 'டூ-இன்-ஒன்' பெட்டிகள் பின்னர் நம் நாட்டு வீடுகளிலும் பரவின. 60 நிமிஷக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிஷமே பதியலாம். புழுதியாலும் வெப்பத்தாலும் நாடா கெடுவதும் உண்டு. 1998 முதல் நாடாவே இல்லாத சிறு கருவிகள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் பண்பலை வானொலியும் பதிவு வசதியும் உடையவை உண்டு. தற்காலத்தில் சில கைப்பேசிகளிலும் இவ்வசதி அமைந்திருக்கிறது. வானொலி ஒலி உள்ளிருந்தே பதியப்படுவதால், மாட்டுக் கொட்டகையின் சத்தமோ மோட்டார் ஓசையோ பதிவில் கலப்பதில்லை.

பேச்சைப் பதிய 64 கிலோபிட் வேகம் போதுமானது. அவ்வேகத்தில் ஒரு மணி நேர உரை சுமார் 29 மெகாபைட் இடம் பிடிக்கும். ஆகவே 4 ஜிகாபைட் கொள்ளளவுள்ள கருவி 130 மணி நேரத்துக்கு மேற்பட்ட உரையைத் தாங்கும். தினம் அரை மணி வீதம் பதிந்தாலும் எட்டு மாதங்களுக்குக் குறையாமல் இடம் இருக்கும். ஒலியைச் சுருக்காமல் பதியும் கருவிகளில் இதனினும் பன்மடங்கு இடம் செலவாகும்.

வாங்குவோர் இரண்டு விஷயங்களைச் சோதித்தல் வேண்டும். முதலாவது, தாம் கேட்கும் நிலையம் தம் ஊரில் பண்பலையில் எட்டுகிறதா என்பது. மத்திய அலையில் வருவதைப் பண்பலை மட்டும் உள்ள கருவி வாங்காது. இரண்டாவது, பதிவு வசதி உண்மையில் உண்டா என்பது. வானொலி கேட்கும் கருவிகள் யாவும் பதிவன அல்ல. காதில் மாட்டும் கம்பியே இவற்றுக்குப் பெரும்பாலும் ஏரியலாகப் பயன்படுவதால், அதைக் கழற்றிவிட்டால் ஒலி குன்றும்.

பதிந்து வைக்கத் தக்கவை

விதை நேர்த்தி, நாற்றங்கால் தயாரிப்பு, உரமிடும் காலம், பூச்சிகளின் அடையாளம் ஆகியவற்றைப் பற்றிய உரைகளைப் பதிந்து வைப்பது பெரிதும் அனுகூலமானது. இவற்றை வயலிலேயே நிறுத்தி நிறுத்திக் கேட்கலாம். அளவுகளைப் பற்றி ஐயம் எழும்போதே இதன் அருமை விளங்கும். உரையாளர் எக்டேருக்குச் சொன்ன மருந்தளவை ஏக்கருக்கு என்று கொண்டால், ஏறத்தாழ இரண்டரை மடங்கு மருந்து வயலில் விழும். பணம் வீணாவதோடு பயிருக்கும் தெளிப்பவருக்கும் கேடு நேரும். புதுவை நிலப் பதிவேடுகளில் எக்டேர், ஆர், சென்ட்டியார் என்றும், பேச்சு வழக்கில் குழி, காணி என்றும் அளவுகள் வழங்குவதால் இப்பிழை எளிதில் நேரக்கூடும். 100 குழி கொண்ட ஒரு காணி சுமார் 53½ ஆர், அதாவது சுமார் 1.32 ஏக்கர் என்பதை நினைவிற் கொண்டு, பதிவை மறுமுறை கேட்டுக் கணக்கிடுக.

பதிவை நம்பலாகாதவை

வானிலை அறிவிப்பை அவ்வப்போது நேரிலேயே கேட்டல் வேண்டும். காலையில் பதிந்த எச்சரிக்கையை மாலையில் கேட்டு நடப்பவர் மோசம் போவர். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கு அருகே கரையேறியபோது, மின் கம்பங்கள் சாய்ந்து புதுவைப் பகுதி பல நாட்கள் இருளில் மூழ்கிற்று. 2024 நவம்பர் 30இல் பெஞ்ஜல் புயல் புதுவையருகே கரையேறியபோது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. இத்தகைய நாட்களில் மின்சாரத்தை நம்பாமல் பாட்டரியில் இயங்கும் வானொலியே துணையாகும். ஆகையால் மழைக்காலம் தொடங்குமுன் கருவியில் பாட்டரியை நிறைத்து வைத்தல் அவசியம். அந்நாட்களில் பாட்டுக் கேட்டு அதனை வீணாக்கலாகாது.

மருந்துகளைப் பற்றிய பழைய பதிவுகளும் ஆபத்தானவையே. எண்டோசல்பான் என்னும் பூச்சிமருந்து ஒரு காலத்தில் பரவலாகச் சிபாரிசு செய்யப்பட்டது. 2011 மே 13இல் சுப்ரீம் கோர்ட்டு அதன் உற்பத்தியையும் விற்பனையையும் உபயோகத்தையும் நாடெங்கும் தடை செய்தது. அதற்கு முன் பதிந்த உரை, எவ்வளவு தெளிவாக ஒலித்தாலும், இப்போது பின்பற்றத் தக்கதன்று. எனவே ஒவ்வொரு பதிவுக்கும் தேதி, பயிர், பட்டம் ஆகிய மூன்றையும் பெயராக இடுக. 'சம்பா, நாற்றங்கால்' என்று ஆண்டோடு குறித்தால் தேடுவது எளிது. மருந்துகளைக் குறித்த பதிவுகளைப் பருவந்தோறும் உழவர் உதவியகத்தில் காட்டி, இன்னும் செல்லுமா என்று விசாரித்துக்கொள்ளுக. செல்லாதவற்றை அப்போதே அழித்துவிடல் நன்று.

கிராம உத்தியோகஸ்தர்களுக்கு

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், சொந்த உபயோகத்துக்கும் உண்மையான போதனைக்கும் ஒலிபரப்பைப் பதிந்துகொள்ள இடமளிக்கிறது; விலைக்கு விற்க இடமளிப்பதில்லை. பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு, நெட்டப்பாக்கம் முதலிய கொம்யூன்களில் உள்ள உத்தியோகஸ்தர்கள், ஒவ்வொரு பட்டத்தின் தொடக்கத்திலும் ஏற்ற உரைகள் சிலவற்றைப் பதிந்து வைத்து, விவசாயிகளைக் கூட்டிக் கேட்பித்து, அளவுகளை உள்ளூர்க் கணக்கில் விளக்கிச் சொல்வார்களாயின், படிக்க இயலாதவர்க்கும் அது பயன்படும். கருவி சொன்னதைச் சொல்லும். அது இவ்வாண்டுக்கும் இவ்வயலுக்கும் பொருந்துமா என்று ஆராய்வது விவசாயியின் கடமையாகும்.