முன் பிரேக் இல்லாத வண்டி ரோட்டுக்கு வந்த கதை

ஃபிளாட் டிராக் மோட்டார்சைக்கிள் பந்தய வீரரின் இடது பூட்ஸுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு பூட்டியிருக்கும். நீள்வட்ட மண்தடத்தின் வளைவுக்குள் நுழைந்ததும் அந்தக் காலைத் தரையில் தேய்த்தபடி, பின்சக்கரத்தை வேண்டுமென்றே வழுக்கவிட்டு, முன்சக்கரத்தை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டு இடப்பக்கம் திரும்புவார். ஒரு மைல் சுற்றளவுள்ள தடங்களில் நேர்ப்பகுதி வேகம் மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். முன் பிரேக் கிடையாது. 1960-களின் கடைசிவரை இந்த நீள்வட்டப் பந்தயங்களில் பின் பிரேக்கும் கிடையாது.

அந்த வண்டிக்கு ஹெட்லைட்டும் நம்பர் பிளேட்டும் மாட்டி ரோட்டில் ஓட்டினால் அதுதான் ஸ்ட்ரீட் டிராக்கர். ஷோரூமில் வாங்கிய சாதாரண வண்டியை இந்த உருவத்துக்குக் கொண்டுவரும் வேலையில் பலர் வாழ்நாளையே செலவிட்டிருக்கிறார்கள். இப்படி வண்டியை மாற்றிக் கட்டுவதில் கஃபே ரேசர், பாபர், ஸ்கிராம்ப்ளர் என்று எத்தனையோ வகைகள் உண்டு. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டிராக்கர்தான். அதில் ஒவ்வொரு பாகமும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் பந்தயத் தடத்திலிருந்து பதில் வரும்.

பந்தயத்துக்கும் ஷோரூமுக்கும் உறவு பழையது. பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்கா தவித்துக்கொண்டிருந்த 1930-களில், அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கம் ‘கிளாஸ் சி’ என்ற பிரிவைக் கொண்டுவந்தது. கம்பெனிகள் தனியாகச் செய்யும் விலையுயர்ந்த பந்தய இயந்திரங்களுக்கு அதில் இடமில்லை. போட்டியிடும் வண்டி, கடையில் விற்கும் வண்டியிலிருந்து உருவானதாக இருக்க வேண்டும். மாநிலப் பொருட்காட்சித் திடல்களில் குதிரைப் பந்தயத்துக்குப் போட்ட தடங்களே இதற்கும் களமாயின. இல்லினாய்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு மைல் அப்படிப்பட்ட ஒன்று.

டிராக்கர் என்றதும் கண்முன் வரும் உருவத்தைத் தந்தது ஹார்லி டேவிட்சனின் எக்ஸ்.ஆர். 750. 1970-ல் போட்டி விதிக்காக 200 வண்டிகள் செய்தார்கள். வார்ப்பிரும்பு இன்ஜின் சூடு தாங்காமல் திணறியது. 1972-ல் அலுமினிய இன்ஜின் வந்தபிறகு பல பத்தாண்டுகள் அதன் ராஜ்ஜியம்தான். இரண்டு கார்புரேட்டர்களும் வலப்பக்கம், இரண்டு புகைக்குழாய்களும் இடப்பக்கம் உயரத்தில். ஒல்லியான டேங்க், தட்டையான சீட். இன்றுவரை டிராக்கர் கட்டுபவர்கள் பார்த்து வரைவது இந்த வடிவத்தைத்தான்.

இதற்குப் போட்டியாக வந்த ஜப்பான் வண்டி யமஹா எக்ஸ்.எஸ். 650. சாலையில் ஓட்ட விற்ற அந்த இரட்டை சிலிண்டர் இன்ஜினை மண்தடங்களில் ஓட்டித்தான் பந்தய வீரர் கென்னி ராபர்ட்ஸ் 1973, 1974 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்க மோட்டார்சைக்கிள் சங்கத்தின் கிராண்ட் நேஷனல் பட்டத்தை வென்றார். ஹார்லியைக் குதிரைசக்தியில் பிடிக்க முடியாமல் போனபோது, 1975-ல் இண்டியானாபோலிஸ் மைல் பந்தயத்தில், சாலைப் பந்தயத்துக்கான டி.இசட். 750 நான்கு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் இன்ஜினை மண்தட ஃபிரேமில் பொருத்தி இறங்கினார். கடைசி வளைவிலிருந்து வெளியேறும்போது முந்தி ஜெயித்தார். சங்கம் பிறகு அப்படிப்பட்ட இன்ஜின்களுக்குத் தடை போட்டுவிட்டது.

1969-ல் அதே பட்டத்தை வென்ற மெர்ட் லாவில், பந்தயத்தை விட்டபிறகு ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர் இன்ஜினை வைத்து ரோட்டில் ஓட்டத்தக்க டிராக்கர்கள் கட்டினார். விபத்தில் கையை இழந்தவர்கள் ஹேண்டில்பாரைப் பிடிக்கும்படி செயற்கைக் கை ஒன்றையும் வடிவமைத்தார். அவர் தோன்றும் ‘ஆன் எனி சண்டே’ ஆவணப்படத்தைப் பார்த்தவர்கள் அவரை மறந்திருக்க மாட்டார்கள்.

இனி பட்டறைக்குள் போவோம். மேசைமேல் ஒரு பழைய எக்ஸ்.எஸ். 650 இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை 200 கிலோவுக்கு மேல். முதல் வேலை கழற்றுவது. இரும்பு மட்கார்டுகள், இரட்டை சீட், சென்டர் ஸ்டாண்டு, கனத்த சைலன்சர்கள் எல்லாம் போகும். பலர் செல்ஃப் ஸ்டார்ட்டையும் எடுத்துவிட்டு, பெரிய பேட்டரிக்குப் பதில் சின்னது வைத்து, கிக்கரோடு நின்றுவிடுவார்கள். 30, 40 கிலோ குறைந்துவிடும். பிறகு ஃபிரேமில் தேவையற்றுத் துருத்திக்கொண்டிருக்கும் சின்னச் சின்ன இரும்புக் காதுகளை கிரைண்டரால் அறுத்து, அவை இருந்த தடம் கையில் தட்டுப்படாத அளவுக்குத் தேய்க்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டுக் குழாயையே சீவிவிட்டால் ஃபிரேம் பலமிழந்துவிடும். நல்ல மெக்கானிக் யார் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது சக்கரம். கம்பெனி கொடுத்தது முன்னே 19 அங்குலம், பின்னே 18. டிராக்கருக்கு இரண்டும் 19. பழைய ஹப்பை வைத்துக்கொண்டு அலுமினிய ரிம்மில் புது ஸ்போக் கோக்கிறார்கள். எல்லா நிப்பிளையும் கையாலேயே முதலில் திருகி, பிறகு ஸ்டாண்டில் மாட்டிச் சுற்றவிட்டு, எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ அதற்கு எதிர்ப்பக்க ஸ்போக்கைக் கால் திருகு, அரைத் திருகு என்று இறுக்கிக்கொண்டே வர வேண்டும். ஸ்பானரால் ஒவ்வொரு ஸ்போக்கையும் தட்டினால் ஒரே மாதிரி சத்தம் வரவேண்டும். மந்தமாக ஒலிப்பது தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

எக்ஸ்.எஸ். 650-இன் பலவீனம் பின்பக்கத்தில் இருக்கிறது. ஸ்விங் ஆர்ம் திரும்பும் இடத்தில் கம்பெனி போட்டது பிளாஸ்டிக் புஷ். அது தேய்ந்தால் வளைவில் பின்பக்கம் ஆடும். வெண்கல புஷ் போட்டு, ஸ்விங் ஆர்மையும் பலப்படுத்தினால்தான் மற்றதெல்லாம் அர்த்தப்படும். கொஞ்சம் நீளமான ஷாக் அப்சார்பர் போட்டால் பின்பக்கம் உயர்ந்து, முன் ஃபோர்க்கின் சாய்வு குறைந்து, வண்டி சுறுசுறுப்பாகத் திரும்பும். அளவு மீறினால் வேகத்தில் ஹேண்டில் உதற ஆரம்பித்துவிடும்.

அகலமான ஹேண்டில்பார் வழுக்கும் வண்டியைக் கையால் அடக்கப் பிடி தருகிறது. சீட் தட்டையாக இருப்பது, நேர்ப்பகுதியில் பின்னால் நகர்ந்து குனியவும், வளைவில் முன்னால் வந்து நிமிரவும் வீரருக்கு வசதியாக இருக்கத்தான். ஓட்டுபவரை உட்காரவைத்துப் பார்க்காமல் ஹேண்டில், சீட், ஃபுட்ரெஸ்ட் மூன்றின் இடத்தையும் முடிவு செய்யவே கூடாது.

துணிந்தவர்கள் இன்ஜினையும் பிரிப்பார்கள். அந்த இன்ஜினில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். அதிர்வுக்கு அதுவே காரணம். கிராங்கின் நடுவில் பல் வெட்டிய தண்டு இருப்பதால், அதை அழுத்திக் கழற்றி, சில பற்கள் தள்ளி மறுபடி பொருத்தி, இரண்டு பிஸ்டனுக்கும் இடையிலான கோண இடைவெளியை 277 டிகிரி ஆக்குகிறார்கள். கேம்ஷாஃப்ட்டும் இக்னிஷனும் அதற்கேற்ப மாற வேண்டும். செலவுதான். ஆனால் அதிர்வு குறைந்து, சத்தமும் வி-ட்வின் போல ஆகிவிடும்.

பந்தய வண்டியை அப்படியே ரோட்டுக்குக் கொண்டுவர முடியாது. முன் பிரேக் வேண்டும், அதுவும் நல்ல டிஸ்க். ஈரச் சாலையில் பிடிக்கும் டயர் வேண்டும். கம்பெனிகளே இதை அனுபவித்துத் தெரிந்துகொண்டன. அமெரிக்காவின் ‘இந்தியன்’ மோட்டார்சைக்கிள் நிறுவனம் 2017-ல் பந்தய வீரர் ஜாரெட் மீஸ் மூலம் ஃபிளாட் டிராக் பட்டம் வென்றபின், 2019-ல் எஃப்.டி.ஆர். 1200 என்ற டிராக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் சக்கரம் முன்னே 19, பின்னே 18. 2022-ல் அதன் சாலை மாடல்களுக்கு 17 அங்குலச் சக்கரம் வந்துவிட்டது. சாலைக்கேற்ற டயர்களில் அந்த அளவில்தான் தேர்வு அதிகம். அதைத் தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் பெரிய சக்கரத்தின் நிமிர்வு போனது எனக்கு வருத்தம்தான்.

இந்தக் கதையில் நம் சென்னைக்கும் பங்கு உண்டு. ராயல் என்ஃபீல்டு 650 இரட்டை சிலிண்டர் வண்டிகள் சென்னைப் புறநகர்த் தொழிற்சாலைகளில் தயாராகின்றன. அந்த இன்ஜின் 2020-ல் ‘அமெரிக்கன் ஃபிளாட் டிராக்’ பந்தயத் தொடரில் இறங்கியது; பந்தய வீரர் ஜானி லூயிஸ் ஓட்டி வெற்றியும் பெற்றார். அதே ஆண்டு ‘பில்ட் டிரெய்ன் ரேஸ்’ என்ற திட்டத்தில் அமெரிக்கப் பெண்களுக்குப் புது 650 வண்டிகளைக் கொடுத்து, அவர்களே பிரித்து, அவர்களே டிராக்கராகக் கட்டி, அவர்களே ஓட்டிப் பந்தயத்தில் கலந்துகொள்ள வைத்தார்கள். கட்டியவரே ஓட்டுவது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. வெல்டிங் சரியில்லை என்றால் அதன் விளைவை அவரே அனுபவிப்பார். அதனால் வேலையில் அலட்சியம் வராது.

இதைப் படித்துவிட்டு வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி. புத்தகத்தில் உள்ள அடிப்படை விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஃபிரேமை அறுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பந்தயத் தடத்துக்கு மட்டும் என்று கட்டுவதானால் தாராளமாகக் கட்டுங்கள். எங்கே ஓட்டினாலும் காசை முதலில் பிரேக், சஸ்பென்ஷன், சக்கரம் மூன்றுக்கும் செலவு செய்யுங்கள். டேங்குக்குப் பெயின்ட் அடிப்பது கடைசி வேலை.