மொட்டைக் கடுதாசியும் பல்கலைக்கழகமும்

மொட்டைக் கடுதாசி எங்கள் பக்கம் பழகிப்போன சங்கதி. வடுகபட்டியில் ஒருத்தர் மேல் கோபம் என்றால் எல்லோரும் நேரில் போய்க் கேட்டுவிடுவதில்லை. 'ஊர் நலம் விரும்பி' என்று கையெழுத்துப் போட்டுத் தாலுகா ஆபீசுக்கு ஒரு கடுதாசி போகும். அதைக் குப்பையில் போடுவதா, விசாரிக்க ஆள் அனுப்புவதா என்பது அதிலுள்ள உண்மையைப் பொறுத்து மட்டும் முடிவாவதில்லை. யார்மேல் எழுதப்பட்டிருக்கிறது என்பதும் சேர்ந்தே முடிவாகிறது. பல்கலைக்கழகங்கள் இதற்கு மேலானவை என்று நம்புகிறவர்கள் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

1

2014 ஏப்ரல் 14, அம்பேத்கர் பிறந்த நாளில், சென்னை ஐ.ஐ.டி.யில் 'அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம்' தொடங்கப்பட்டது. அதே வளாகத்தில் விவேகானந்தர் பெயரிலும் ஒரு படிப்பு வட்டம் இருந்தது. அந்தப் பெயர் யாரையும் உறுத்தவில்லை. அம்பேத்கர், பெரியார் பெயர்கள் மாணவர்களைப் பிளவுபடுத்தும், மாற்றிக்கொள்ளுங்கள் என்று நிர்வாகம் சொன்னதாக மாணவர்கள் பிற்பாடு தெரிவித்தார்கள்.

அடுத்த ஆண்டு ஒரு மொட்டைக் கடுதாசி தில்லிக்குப் போனது. பிரதமர் மீதும் இந்துக்கள் மீதும் இந்த வட்டம் வெறுப்பை வளர்க்கிறது என்பது புகார். மத்திய மனிதவள அமைச்சகம் அதை இணைத்து, உங்கள் கருத்து என்ன என்று ஐ.ஐ.டி.க்கு எழுதியது. கேட்டது கருத்துதான். 2015 மே 22 அன்று டீன் அனுப்பிய மின்னஞ்சலில் வந்தது தண்டனை: வட்டத்தின் அங்கீகாரம் நீக்கம். மாணவர்களிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. புகாரில் இருந்த சொல் 'வெறுப்பு'. தண்டனையில் இருந்த சொல் 'விதிமீறல்'. அனுமதியின்றி நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தினார்கள் என்றது நிர்வாகம். வெறுப்பு பேசினார்களா என்று விசாரித்திருந்தால் துண்டறிக்கையை வரிவரியாகப் படித்திருக்க வேண்டும். எந்த வரி, யாரை, என்ன செய்தது என்று சொல்லியிருக்க வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்றுதான் விதிப்புத்தகத்தைக் கையில் எடுக்கிறார்கள். நாடு முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. வேறு கல்வி நிறுவனங்களிலும் இதே பெயரில் வட்டங்கள் முளைத்தன. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது.

ஐதராபாத்தில் இப்படி முடியவில்லை. 2015 ஆகஸ்டில் மத்திய அமைச்சர் ஒருவரே, ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் சாதியவாதிகள், தீவிரவாதிகள், தேசவிரோதிகளின் கூடாரமாகிவிட்டது என்று மனிதவள அமைச்சகத்துக்கு எழுதினார். இது மொட்டைக் கடுதாசி இல்லை, பெயர் போட்ட கடுதாசி. ஆனால் போன வழி அதேதான். என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று அமைச்சகம் நினைவூட்டிக்கொண்டே இருந்தது. அம்பேத்கர் மாணவர் சங்கத்தைச் சேர்ந்த ஐந்து தலித் மாணவர்கள் விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவரான ரோகித் வெமுலா 2016 ஜனவரி 17 அன்று தற்கொலை செய்துகொண்டார்.

2

"கொலம்பியா எங்க இருக்கு, வடுகபட்டி எங்க இருக்கு? பூண்டு வெல என்னாச்சுன்னு பாருங்கண்ணே" என்று நண்பர்கள் கேலி செய்யலாம். ஆனால் கடுதாசி போகும் பாதை அங்கேயும் இதேதான்.

2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் நடத்திய தாக்குதலில் இஸ்ரேலில் சுமார் 1200 பேர் கொல்லப்பட்டார்கள். தொடர்ந்து காசாமீது இஸ்ரேல் நடத்திய போரில் பல்லாயிரக்கணக்கான பாலஸ்தீனர்கள் மாண்டார்கள். அமெரிக்க மாணவர்கள் வளாகங்களில் திரண்டார்கள். நவம்பர் 10 அன்று கொலம்பியா பல்கலைக்கழகம் இரண்டு மாணவர் அமைப்புகளை இடைநீக்கம் செய்தது. சொன்ன காரணம், அனுமதி இல்லாமல் நிகழ்ச்சி நடத்தினார்கள்; கூடவே அச்சுறுத்தும் பேச்சு என்று ஒரு வரி. அவ்விரண்டில் ஒன்று, 'அமைதிக்கான யூதக் குரல்' என்ற யூதர்களின் அமைப்பு. யூத மாணவர்களின் பாதுகாப்பு பெரும் கவலையாகப் பேசப்பட்ட நேரத்தில் யூத மாணவர்களின் வாயே அடைக்கப்பட்டது.

டிசம்பர் 5 அன்று ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்.ஐ.டி. தலைவர்களை நாடாளுமன்றக் குழு கூண்டில் ஏற்றியது. ஒரு மாதத்துக்குள் முதல் இருவர் பதவி விலகினார்கள். 2024 ஏப்ரல் 17 அன்று கொலம்பியாவின் தலைவருக்கு அதே கூண்டு. மறுநாளே அவர் வளாகத்துக்குள் போலீசை அழைத்தார். நூற்றுக்கு மேற்பட்டோர் கைதானார்கள். 2025 மார்ச்சில் ட்ரம்ப் அரசு, யூத வெறுப்பைத் தடுக்கத் தவறியதாகச் சொல்லி, கொலம்பியாவுக்குரிய 40 கோடி டாலரை நிறுத்தியது. ஜூலையில் கொலம்பியா 20 கோடி டாலருக்கு மேல் கட்டச் சம்மதித்தது.

அங்கேயும் இங்கேயும் பல்கலைக்கழகம் தன் மாணவர்களிடம் பேசவில்லை. அவர்கள் தலைக்கு மேலாக அரசிடம் பேசியது.

3

இத்தோடு நிறுத்திக்கொண்டால் நமக்குச் சௌகரியமாக இருக்கும். 'வெறுப்பு என்கிற பேச்செல்லாம் அதிகாரத்தின் சூழ்ச்சி' என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அது பொய்யாகும்.

யூத வெறுப்பு கற்பனையல்ல. ஐரோப்பாவில் அறுபது லட்சம் பேரைக் கொன்றது அதுதான். 2018 அக்டோபரில் பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 11 பேரைக் கொன்றதும் அதுதான். யூத மாணவர்களைக் கொல்வேன் என்று மிரட்டியதற்காகக் கார்னெல் மாணவர் ஒருவர் 2023 அக்டோபரில் கைதானார். அந்த மாணவர்களின் பயத்தை நாடகம் என்று சொல்ல நமக்கு உரிமை கிடையாது.

தமிழில் நாம் இதை 'யூத எதிர்ப்பு' என்று எழுதிப் பழகிவிட்டோம். தவறான மொழிபெயர்ப்பு. எதிர்ப்பு என்பது கொள்கைக்கு, அரசுக்கு, அதிகாரத்துக்கு உரியது. ஒருவர் இன்னாருக்குப் பிறந்தார் என்பதற்காக வருவது வெறுப்பு. இஸ்ரேல் எதிர்ப்பு ஒன்று, யூத வெறுப்பு வேறு. 2016இல் ஒரு பன்னாட்டு அமைப்பு ஏற்ற யூத வெறுப்பு வரையறையில் உள்ள 11 எடுத்துக்காட்டுகளில் 7 இஸ்ரேல் தொடர்பானவை. மூல வரைவை எழுதுவதில் முதன்மைப் பங்கு வகித்த கென்னத் ஸ்டெர்னே, பல்கலைக்கழகங்களில் பேச்சைத் தண்டிக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொல்லிவந்தார். கொலம்பியா 2025இல் அதை ஏற்றுக்கொண்டது.

இதே குழப்பம் தமிழ்ச் சூழலில் வேறொரு வேஷத்தில் உலவுகிறது. 'தமிழ்நாட்டுப் பார்ப்பனர் ஐரோப்பிய யூதர் மாதிரி' என்ற ஒப்பீட்டை நம் இலக்கிய வட்டாரத்தில் கேட்காதவர் இருக்க மாட்டார்கள். ஹார்வர்டின் தலைவர் 1922இல் யூத மாணவர்களுக்கு உச்சவரம்பு கட்டப் பார்த்தார். ஹங்கேரி 1920இல் சட்டமே போட்டது. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையும் ஒதுக்கீடுதானே என்பது வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால் 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்த அந்த ஆணையின்படி, மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் ஒவ்வொரு 14 இடத்திலும் 2 பார்ப்பனருக்கு. மக்கள்தொகையில் அவர்கள் சுமார் மூன்று சதவீதம். தாழ்த்தப்பட்டோருக்கும் அதே 2தான். ஐரோப்பாவில் அதிகாரத்தில் இருந்தவர்கள், தலைமுறை தலைமுறையாக ஒதுக்கப்பட்டவர்களை மறுபடி வெளியே தள்ளப் போட்டது அந்த உச்சவரம்பு. இங்கே படிப்பு மறுக்கப்பட்டவர்கள் உள்ளே வரக் கேட்டது இந்த ஒதுக்கீடு.

ஒப்பீடு தப்பு என்பதால் நமக்கு எல்லாம் அனுமதி என்று ஆகிவிடாது. பார்ப்பனியத்தை விமர்சிப்பது எதிர்ப்பு. விடுதி அறையில் தனியாக இருக்கும் ஒரு பார்ப்பன மாணவனைச் சூழ்ந்துகொண்டு அவன் பூணூலைப் பிடித்திழுத்தால் அது வெறுப்புதான். பெரியார் பெயரைச் சொல்லிக்கொண்டு செய்தாலும் வெறுப்புதான்.

4

ஆகவே ஒரு பல்கலைக்கழகம் புகாரைக் கையில் எடுக்கும்போது மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். ஒன்று, பாதிக்கப்பட்ட ஆள் யார்? ஆள் இல்லாமல் 'மனம் புண்பட்டது' மட்டும் இருந்தால் அது விவாதத்துக்குரியது, தண்டனைக்குரியது அல்ல. இரண்டு, அந்த ஆள் வகுப்புக்கும் விடுதிக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் பயமில்லாமல் போக முடிகிறதா? முடியாது என்றால் அவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று பார்க்காமல் உடனே காப்பாற்ற வேண்டும். மூன்று, குற்றம் சாட்டப்பட்டவரை உட்காரவைத்துக் கேட்டாயிற்றா?

சாதிப் பாகுபாட்டைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2012இலேயே விதி போட்டது. அது நடைமுறைக்கு வரவில்லை என்று ரோகித் வெமுலாவின் தாயும், மும்பையில் இறந்த மருத்துவ மாணவி பாயல் தட்வியின் தாயும் 2019இல் உச்ச நீதிமன்றப் படியேறினார்கள். பிரதமர்மீது வெறுப்பு என்ற மொட்டைக் கடுதாசிக்கு நாள் கணக்கில் நடவடிக்கை வந்தது. பெயர் போட்டு, முகம் காட்டி, பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார் கொடுத்த மனுவுக்கோ ஆண்டுக்கணக்கில் காத்திருப்பு. இந்த இரண்டு கால அளவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், பல்கலைக்கழகம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பது தெரிந்துவிடும். நம் கல்லூரிகளில் அடுத்த புகார் வரும்போது, அது நமக்குப் பிடிக்காத மாணவர்மேல் வந்ததாக இருந்தாலும், இந்த மூன்று கேள்விகளையும் நாமே முதலில் கேட்கப் பழக வேண்டும்.