மலைக்கு அப்பால் ஒரு யூதப் பள்ளி

தென்காசியிலிருந்து செங்கோட்டை, ஆரியங்காவுக் கணவாய் வழியாக இறங்கும் பாதை, பாண்டிநாட்டை மலைநாட்டுக் கடற்கரையோடு நெடுங்காலம் இணைத்துவந்த வணிக வழியாகும். அது சென்று சேரும் கொல்லத்தில், கி.பி. 849இல் வழங்கப்பட்ட தரிசாப்பள்ளிச் செப்பேட்டில், யூத வணிகர்கள் எபிரேய எழுத்தில் சாட்சிக் கையொப்பம் இட்டிருப்பதால், யூதர் வரலாறு குற்றாலச் சாரலுக்கு அந்நியமானதன்று.

ஏறத்தாழ கி.பி. 1000இல் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு வணிகக் குழுவாகிய அஞ்சுவண்ணத்தோடு 72 உரிமைகளையும் அளித்த செப்பேடு, பாண்டிநாட்டுக் கோயில் கல்வெட்டுகளிலும் பயின்ற வட்டெழுத்தில் அமைந்துள்ளது. பகல்விளக்கு, நடைவழியில் விரிக்கும் துணியாகிய பாவாடை, குடை, தோரணம் என அதில் வரும் சொற்களுக்குத் தமிழர் அகராதியைத் தேட வேண்டியதில்லை.

இவ்வரலாற்றைக் கட்டடமாகவே காட்டுவது, எறணாகுளம் மாவட்டத்து வடக்குப் பரவூரில் 1616இல் எழுந்த யூதப் பள்ளி, அதாவது யூதர் வழிபாட்டுக்கூடம். அதைக் கட்டிய தாவீது யாக்கோபு காஸ்தியேல், கொச்சி அரசர் யூதத் தலைவர்களுக்கு அளித்த ‘முதலியார்’ பட்டம் பெற்றவர். படிப்புரை எனப்படும் வாயில்கட்டைக் கடந்து, தூண்கள் தாங்கும் கூரையிட்ட நடையில் சென்றால் வழிபாட்டு அறை வரும். அதன் நடுவே மறைநூல் வாசிக்கும் மேடை ஒன்றும், பெண்கள் பகுதியை ஒட்டிய மாடத்தில் இன்னொரு மேடையும் இருப்பது கேரள யூதப் பள்ளிகளுக்கே உரிய தனிச்சிறப்பு.

1948இல் இஸ்ரேல் உருவானபின், குறிப்பாக 1950களில், மக்கள் கூட்டமாகக் குடிபெயர்ந்ததால் பள்ளி ஆளின்றிப் போயிற்று. பின்னர் கேரள அரசின் முசிறி மரபுத் திட்டம் அதைச் சீரமைத்து, கேரள யூதர் வாழ்வியல் அருங்காட்சியகமாக்கியது. இடித்துவிடாமல் காத்த அச்செயல் பாராட்டத்தக்கது. ஆயினும் தோரா என்னும் மறைநூல் சுருள்களை வைக்கும் பழைய மரப்பேழை எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்துக்குச் சென்றுவிட்டது. பரவூரில் இருப்பது அதன் படியே.

கொச்சி வரை செல்லும் தென்காசி வட்டாரத்தார் மட்டாஞ்சேரியோடு திரும்பிவிடாமல் இப்பள்ளியையும் பார்த்துவர வேண்டும். கொல்லத்தை அடுத்தும் ஒரு பரவூர் உண்டு என்பதால், வடக்குப் பரவூர் என்று கேட்டுச் செல்வது நலம்.