பாண் காத்தவனே பிரபு

‘லோட்’ என்னும் ஆங்கிலச் சொல்லைப் ‘பிரபு’ எனப் பெயர்த்து அமையும் மாணாக்கர்க்கு, அதன் வேரையும் நோக்குமாறு யான் கூறுவதுண்டு. பழைய ஆங்கிலத்தில் அது ‘ஹ்லாஃப்வெயர்ட்’ என வழங்கிற்று. ‘ஹ்லாஃப்’ என்பது பாண். ‘வெயர்ட்’ என்பது காவலன். ‘லேடி’ என்பதன் மூலமாகிய ‘ஹ்லேஃப்டியே’ பாணுக்கு மாப்பிசைபவளைக் குறித்தது. கி.பி. 616 இல் இறந்த கென்ற் வேந்தன் ஏதல்பேர்ட்டின் சட்டங்களிலோ, ஒருவனைச் சார்ந்து வாழ்வோன் ‘ஹ்லாஃபேட்டா’, அஃதாவது பாண் உண்போன், எனப்படுகின்றான்.

காப்போன், பிசைவோள், உண்போன் என மூவரும் ஒரே பாணாற் பிணிப்புண்டனர். பின்னர் இடையெழுத்துக்கள் தேய்ந்தன. அவற்றோடு ஊட்டுங் கடமையும் சொல்லினின்று மறைந்தது. உயர்வு மட்டும் எஞ்சிற்று. நந்தமிழ்ப் ‘புரவலன்’ என்பதும் புரத்தல், அஃதாவது காத்தல், என்பதினின்று பிறந்ததே. காவாதவனை அப்பெயரால் அழைப்பது சொல்லுக்கு இழைக்கும் தீங்கன்றோ?