முள்ளில்லாக் கள்ளியும் மூளைக் கணக்கும்

சனிக்கிழமை இருட்டியதும் கூம்புக் கூடாரத்துக்குள் நுழைகிறவர்கள், ஞாயிறு விடிந்த பிறகுதான் வெளியே வருகிறார்கள். நடுவில் நெருப்பு. அதையொட்டிப் பிறைநிலா வடிவில் ஒரு மண்மேடை. உள்ளே தண்ணீர் விட்டுத் தோல் இழுத்துக் கட்டிய சிறு முரசு கைமாறிக் கைமாறிச் சுற்றிவர, சுரைக்குடுக்கைக் கிலுகிலுப்பையைக் குலுக்கியபடி ஒவ்வொருவராகப் பாடுகிறார்கள். கூடவே சுற்றுக்கு வருகிறது கள்ளி. காய்ந்த துண்டாக, பொடியாக, சில சமயம் கஷாயமாக. அதன் கசப்பு வேப்பங்கொழுந்தையெல்லாம் இனிப்பாக்கிவிடும். சிலருக்குக் குமட்டும், சிலர் வாந்தியே எடுப்பார்கள். உள்ளிருக்கும் அழுக்கு வெளியேறுவதாக அதை எடுத்துக்கொள்வார்கள். விடியற்காலையில் ஒரு பெண்மணி குடிநீர் கொண்டுவருவார். பிறகு சோளம், இறைச்சி, பழம் என எல்லோரும் சேர்ந்து உண்பார்கள்.

அமெரிக்காவின் நவஹோ பழங்குடியினர் பலர் சேர்ந்திருக்கும் ‘நேட்டிவ் அமெரிக்கன் சர்ச்’சின் வழிபாடு இது. வாழ்நாளில் நூறு இரவுகளுக்கு மேல் இப்படிக் கழித்தவர்கள் அங்கே உண்டு. கண்முன் இல்லாததைக் காட்டும் ஒரு பொருளை இத்தனை முறை உட்கொண்டவருக்கு நினைவும் கவனமும் பழையபடி இருக்குமா?

கள்ளிக்குள் இருப்பது

பெயோட்டே என்பது தெற்கு டெக்சாஸிலும் மெக்சிகோவின் வறண்ட நிலங்களிலும் விளையும் குட்டைக் கள்ளி. முள் கிடையாது. தரையோடு தரையாக, பிஞ்சுப் பூசணியை அமுக்கி வைத்ததுபோல் இருக்கும். அதன் தலையைச் சீவிக் காயவைத்தால் பட்டன் மாதிரிச் சுருங்கிவிடும். அதில் உள்ள மெஸ்கலினை 1897-ல் ஜெர்மானிய வேதியியலர் ஆர்தர் ஹெஃப்டர் பிரித்தெடுத்தார். மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருள் போய் உட்காரும் ஏற்பிகளில் ஒருவகையில் மெஸ்கலினும் போய் உட்காருகிறது. நிறங்கள் துலங்கும், நேரம் இழுபடும். பத்து மணி நேரத்துக்கு மேலும் இந்த நிலை நீடிக்கலாம்.

நவஹோ மக்களே இதை ஒருமனதாக ஏற்றுக்கொண்டுவிடவில்லை. அவர்களுடைய பழங்குடி மன்றம் 1940-ல் பெயோட்டேவைத் தடை செய்தது, 1967-ல்தான் வழிபாட்டுக்கு அனுமதித்தது. அமெரிக்கா முழுவதும் பழங்குடியினரின் சடங்குப் பயன்பாட்டுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1994-ல்.

மூன்று குழுக்கள்

ஹார்வர்டைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜான் ஹால்பெர்னும் உடன் பணியாற்றியவர்களும் 2005-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் நவஹோ மக்களைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு சாமர்த்தியம் இருந்தது. நகரத்தில் மாயப் பொருள் எடுப்பவரைச் சோதித்தால் மதுவும் கஞ்சாவும் சேர்ந்தே இருக்கும். எது எதைக் கெடுத்தது என்று பிரித்தறிவது கடினம். இந்தச் சபையினரோ பெயோட்டேவைத் தவிர வேறு போதைப் பக்கம் அதிகம் போகாதவர்கள்.

குறைந்தது நூறு முறையாவது பெயோட்டே உட்கொண்ட 61 பேர், குடிக்கு அடிமையாக இருந்து விட்டுவிட்ட 36 பேர், இரண்டையும் பெரிதாகத் தொடாத 79 பேர் என மூன்று குழுக்கள். மனநலக் கேள்விகளும் நினைவு, கவனம் சார்ந்த சோதனைகளும் நடந்தன. பெயோட்டேக் குழுவினர், எதையும் தொடாதவர்களைவிட எதிலும் குறிப்பிடும்படி பின்தங்கவில்லை. அதிகம் உட்கொண்டவருக்கு மதிப்பெண் குறையவும் இல்லை. சரிந்து கிடந்தது முன்னாள் குடிகாரர்களின் கணக்குதான்: மனநல அளவுகோல் ஒவ்வொன்றிலும் குறைவு, அறிவாற்றல் சோதனைகளிலும் இரண்டில் குறைவு. ஊருக்கு ஊர் உரிமத்தோடு விற்கும் பொருளைப் பற்றிய செய்தி இது என்பதை இங்கே சொல்லாமல் போக முடியவில்லை.

சிவப்பு என்று எழுதியிருக்கிறது, மை நீலம்

பிரேசிலின் அமேசான் காட்டில் கள்ளிக்குப் பதில் கஷாயம். ஒரு கொடியையும் ஒரு செடியின் இலையையும் சேர்த்துக் கொதிக்கவைத்த அயவாஸ்கா அது. இதை நற்கருணைபோல் அருந்தும் சாந்தோ தைமே, யூனியாவோ தோ வெஜெடால் போன்ற சபைகள் அங்கே உள்ளன.

ஸ்பெயினைச் சேர்ந்த ஹோசே கார்லோஸ் போவ்ஸோ குழுவினர் 2012-ல் வெளியிட்ட ஆய்வில் அயவாஸ்கா வழக்கமாக அருந்துவோர் 127 பேர், அருந்தாதோர் 115 பேர். அவர்களுக்கு வைத்த சோதனைகளில் ஒன்றை யாரும் வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ‘சிவப்பு’ என்ற சொல்லை நீல மையில் எழுதிவைத்து, மையின் நிறத்தை மட்டும் சொல்லச் சொல்ல வேண்டும். வாய் ‘சிவப்பு’ என்றுதான் ஓடும். மூளை அதைப் பிடித்து நிறுத்தி ‘நீலம்’ என்று திருத்த வேண்டும். அந்தக் கணநேரத் தடுமாற்றத்தைத்தான் அளக்கிறார்கள். அயவாஸ்கா அருந்துவோர் இதில் முந்தினார்கள்.

ஆனால், கஷாயம் மூளையைக் கூர்மையாக்கிவிட்டது என்று துள்ளிக் குதிக்க இடமில்லை. சடங்கு ஒத்துக்கொள்ளாதவர்கள் பாதியிலேயே விலகியிருப்பார்கள். பத்து வருடம் கழித்து வரும் ஆய்வாளர் கண்ணில் படுவது தாக்குப்பிடித்தவர்கள்தான். மது இல்லாத வாழ்க்கை, கூடிப் பாடும் சுற்றம், கஷ்டத்தில் கைகொடுக்கும் ஆட்கள் எல்லாமே மனநலத்துக்கு மருந்து. இவற்றிலிருந்து கள்ளியையோ கஷாயத்தையோ மட்டும் தனியே நிறுத்துப் பார்க்கும் தராசு இந்த ஆய்வுகளில் இல்லை. நீண்டகாலச் சடங்குப் பயன்பாடு அறிவாற்றலைச் சிதைத்ததற்குத் தடயம் கிடைக்கவில்லை. ஆய்வுகள் சொல்வது அவ்வளவுதான்.

யாருக்கு வினை

அயவாஸ்காவில் சேரும் இலையில் உள்ள டிஎம்டி என்ற மாயப் பொருளைத் தனியாக விழுங்கினால் குடலிலும் கல்லீரலிலும் உள்ள ஒரு நொதி அதைச் சிதைத்துவிடும். கொடியின் வேலையே அந்த நொதியைக் கட்டிப்போடுவதுதான். சிக்கல் இங்கேதான். செரட்டோனினை அப்புறப்படுத்துவதும் அதே நொதிதான். மனச்சோர்வுக்கு எஸ்எஸ்ஆர்ஐ மாத்திரை சாப்பிடும் ஒருவர் அயவாஸ்காவைக் குடித்தால் செரட்டோனின் எல்லை மீறித் தேங்கலாம். காய்ச்சல், தசை விறைப்பு, நடுக்கம், குழப்பம் என ஆரம்பித்து உயிருக்கே ஆபத்தாகலாம். அதற்கு அஞ்சி மாத்திரையைத் தானாகவே திடீரென நிறுத்துவதும் வேறு வகையில் கெடுதல். தனக்கோ குடும்பத்தில் நெருங்கிய ஒருவருக்கோ மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு இருந்தவர்களுக்கு இவ்வகைப் பொருள்கள் நோயைக் கிளப்பிவிடக்கூடும்.

நம் ஊரில் இதன் சாயல் கொடைக்கானலில் ரகசியமாகக் கைமாறும் போதைக் காளான். அதில் உள்ள சைலோசிபினும், மெஸ்கலினும் டிஎம்டியும் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. முரசு கிடையாது, வழிநடத்தும் பெரியவர் கிடையாது; காளானைத் தருபவர், வாங்குபவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்பதில்லை.

தவறான காளானாக இருந்தால் கதையே வேறு. நச்சுக் காளான்களில் சில, தின்று ஆறு மணி நேரத்துக்குப் பிறகுதான் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தொடங்கும். பிறகு ஒரு நாள் எல்லாம் சரியாகிவிட்டதுபோல் தோன்றும். அந்த நேரத்தில்தான் கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். மருத்துவமனைக்கு ஓடும்போது மிச்சமிருக்கும் காளானையும் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போனால், எந்த வகை என்று கண்டறிய மருத்துவருக்கு உதவும்.