நாடியோடு ஒலிக்கும் காது இரைச்சல்

காதில் இரைச்சல் கேட்பது பலருக்கும் நேர்வதே. முதுமை, பேரொலி, காதில் சேரும் அழுக்கு முதலியவற்றால் தோன்றும் இரைச்சல் பெரும்பாலும் ஒரே சீராக ஒலிக்கும். சிலருக்கோ அது இதயத் துடிப்போடு சேர்ந்து, 'திம், திம்' என விட்டுவிட்டு ஒலிக்கும். இவ்வகை இரைச்சலுக்குப் பல வேளைகளில் கண்டறியத்தக்க காரணம் ஒன்று இருக்கும் என்பதால், அதனைப் புறக்கணித்தல் கூடாது.

வேறுபாட்டை வீட்டிலேயே அறியலாம். அமைதியான அறையில் அமர்ந்து, மணிக்கட்டில் விரல் வைத்து நாடியைக் கவனியுங்கள். ஒலியும் துடிப்பும் ஒத்திருந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரை அணுகுங்கள்.

இரத்தசோகை, தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் இரத்த அழுத்தம், கழுத்துத் தமனியின் அடைப்பு ஆகியன இதற்குக் காரணமாகலாம். அரிதான மற்றொரு காரணம் 'குளோமஸ் கட்டி'. நடுச்செவியிலும், அதனடியில் உள்ள கழுத்துச் சிரையின் மேற்பகுதியிலும் இருக்கும் நுண்ணிய திசுக்களிலிருந்து இது வளர்கிறது. அத்திசுவை அமெரிக்க அறிஞர் ஸ்டேசி கில்ட் 1941-இல் விவரித்தார். நடுவயதுப் பெண்களிடம் இக்கட்டி மிகுதியாகக் காணப்படுகிறது.

இது பெரும்பாலும் புற்றுநோய் அன்று, மெதுவாகவே வளரும். ஆயினும் இரத்தக் குழாய்கள் நிறைந்தது. செவிப்பறைக்குப் பின்னே செந்நிறமாகத் தெரியும் இதிலிருந்து சதைத் துணுக்கு எடுத்தால் கடும் இரத்தப்போக்கு நேரிடலாம். ஆகவே, சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களே முதலில் உதவுகின்றன. கவனியாது விட்டால் செவித்திறன் குறையும். அருகிலுள்ள நரம்புகள் பாதிக்கப்பட்டுக் குரல் கம்மும், விழுங்குதல் கடினமாகும். கட்டியின் அளவையும் நோயாளியின் வயதையும் பொறுத்து அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு, தொடர் கண்காணிப்பு ஆகியவற்றுள் ஏற்றதை மருத்துவர் தேர்வு செய்வார். காதில் எண்ணெய் ஊற்றுவதும் குச்சியால் குடைவதும் வேண்டா.

செலவைப் பற்றியும் ஒரு சொல். இது பெரும்பாலும் திட்டமிட்டுச் செய்யப்படும் சிகிச்சையாதலால், மருத்துவமனையில் சேருமுன்பே காப்பீட்டு நிறுவனத்தின் முன் ஒப்புதலைப் பெறுங்கள். புதிதாகக் காப்பீடு எடுப்போர் இவ்வறிகுறியை விண்ணப்பத்தில் மறைத்தல் கூடாது. மறைத்தால் பின்னர் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம். முன்பே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதங்களுக்கு மேற்படலாகாது என 2024-இல் விதிக்கப்பட்டுள்ளது. ஆகவே உண்மையைத் தெரிவிப்பவர் அக்காலம் முடிந்ததும் உரிய பயனைப் பெறலாம்.