கூதிர்காலமும் கரிசல் அடுப்பும்

சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மருத்துவர் தருவது ஒன்று. பட்டாசினுள் அடைக்கப்படுவது மற்றொன்று. நம் முன்னோரிடம் மூன்றாவது பொருளும் இருந்தது. அடுப்பில் வெந்து கும்பாவில் விழும் உணவே அது. திருக்குறளின் 95ஆம் அதிகாரத்திற்கு 'மருந்து' என்றே பெயர்; எனினும் அதில் பச்சிலை ஒன்றின் பெயரேனும் இல்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, பின் அளவோடு உண்பதைப் பற்றியே அது பெரிதும் பேசுகிறது.

இதே எண்ணம் சீன நாட்டிலும் தழைத்திருந்தது. ஏறத்தாழ 2000 ஆண்டுத் தொன்மையுடைய 'மஞ்சள் பேரரசரின் உள்நூல்' என்னும் மருத்துவ நூல், நான்கு பருவங்களுக்கும் ஏற்ப வாழும் முறையை விரித்துரைக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சுன் சிமியாவ் என்னும் மருத்துவர், நோயை முதலில் உணவால் தீர்க்க முயல வேண்டும், அது பலிக்காதபோதே மருந்தை நாட வேண்டும் என்று எழுதிவைத்தார். இலையுதிர் காலத்தில் காற்று வறண்டு தொண்டையும் நுரையீரலும் உலர்வதால், கற்கண்டுடன் வேகவைத்த பேரிக்காயும் தேனும் உண்பது சீனர் வழக்கம். குளிர்காலம் வந்தால் இஞ்சி சேர்த்து நெடுநேரம் வெந்த ஆட்டிறைச்சி, கறுப்பு எள், வாதுமை வகைகள் என்று உணவு மாறும்.

இத்தகைய பட்டியல்கள் இன்று கைப்பேசி வழியாக நம் இல்லங்களுக்கும் வந்து சேர்கின்றன. வரட்டும், குற்றமில்லை. ஆனால் பீகிங் நகரத்தின் இலையுதிர் காலம் வறண்டது. சாத்தூரின் ஐப்பசியோ நனைந்தது! ஆண்டு மழையில் பெரும்பங்கை நமக்கு அளிப்பது வடகிழக்குப் பருவமழையே. அங்கே உலர்ந்த தொண்டைக்கு ஈரம் தேடுகின்றனர்; இங்கே ஈரத்தில் மந்தித்த வயிற்றுக்குச் சூடு தேட வேண்டும். சீனரிடம் நாம் கற்க வேண்டியது பேரிக்காயை அன்று, தம் வானத்தைப் பார்த்து உலை வைக்கும் பழக்கத்தையே என்பது என் துணிபு.

தமிழர் ஆண்டினை ஆறாகப் பகுத்தனர். ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. மழைக்காலத்தில் செரிமானத் தீ தணியும் என்றும், பனிக்காலத்தில் அது ஓங்கும் என்றும் நம் நாட்டு மருத்துவம் கருதிற்று. ஆகவே கூதிரில் எளிதாகச் செரிப்பவை: மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப்போட்ட இரசம், கொள்ளு இரசம், தூதுவளைத் துவையல். இவற்றை அன்றன்று சமைத்துச் சூடாகவே உண்டனர். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிப்பதும் இக்காலத்திற்கு உரியதே. மழைநீர் குடிநீரோடு கலக்கும் நாள்களில் வயிற்றுப்போக்கைத் தடுக்க இதனினும் மலிவான வழி இல்லை. மழையில் நனைந்து பூசணம் பிடித்த நிலக்கடலையைக் கழுவிக் காயவைத்தும் உண்ணலாகாது. அதிலுள்ள நச்சு ஈரலைக் கெடுப்பது. வறுத்தாலும் முற்றும் அகலாது.

கரிசல் காட்டில் முதல் மழை விழுந்ததும், எவரும் விதைக்காமலே தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் சாரணையும் முளைத்தெழும். களையெடுக்கச் சென்ற தாய்மார்கள் மடி நிறையப் பறித்துவருவர். காசு செலவின்றிக் கிடைத்த கீரை அது. களைக்கொல்லி தெளிக்கும் புஞ்சைகளில் இன்று அக்கீரை எழுவதில்லை. எழுந்தாலும் பறிக்கத் தக்கதன்று.

இனிக் கம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். புரட்டாசியில் விதைத்த கம்பு மார்கழி, தையில் களத்துக்கு வரும். ஆனால் "கம்பு குளிர்ச்சி, அது கோடைக்கு உரியது" என்று கூறிப் பனிக்காலத்தில் அதனை ஒதுக்குவோர் நம்மிடையே பலர். இராசத்தானத்து மக்களைக் கேட்டால் வியப்படைவர்; அவர்களுக்குக் கம்பு சூடு தரும் தானியம்! குளிர்காலத்தில் கம்பு ரொட்டியை நெய்யும் வெல்லமும் சேர்த்து உண்கின்றனர். தானியம் ஒன்றே, புளிக்கவைத்து மோர் கலந்தால் கோடைக் கூழ், இடித்துப் பொங்கிச் சுடச்சுடக் குழம்பு ஊற்றினால் பனிக்காலச் சோறு. மாவாக அரைத்தால் சில நாள்களிலேயே கசப்பேறும். ஆதலின் சிறிது சிறிதாகவே அரைத்துக்கொள்வது நலம்.

இதனை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. விடியுமுன் எழுந்து சமைத்துவைத்து, தீப்பெட்டி ஆலைக்கோ பட்டாசு ஆலைக்கோ செல்லும் பெண்களை நாம் நாள்தோறும் காண்கிறோம். படியேறினால் மூச்சிரைப்பு, வெளிறிய நகம், ஓயாத அசதி ஆகியன இரத்தச்சோகையின் அடையாளங்கள். 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உள்ளது. தீட்டிய வெள்ளரிசியிலோ 1 மில்லிகிராமுக்கும் குறைவு. கம்பிலுள்ள இரும்பு முழுவதையும் உடல் ஏற்பதில்லை என்பதும் உண்மையே. ஊறவைத்தும் புளிக்கவைத்தும் சமைத்தால் ஏற்பது கூடும். உடன் நெல்லிக்காயோ கொய்யாவோ எலுமிச்சையோ இருந்தால் மேலும் கூடும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் குறைந்துவிடும்! சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது செல்லட்டும். சோகை முற்றியவர்க்கு உணவு மட்டும் போதாது. அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இரத்தப் பரிசோதனையும் இரும்புச்சத்து மாத்திரையும் கிடைக்கும்.

2011ஆம் ஆண்டு முதல் நியாயவிலைக் கடைகளில் அரிசி இலவசமாகவே வழங்கப்படுகிறது. பசியைப் போக்கிய அத்திட்டத்தைப் பழிப்பது நன்றியன்று. ஆயினும் தட்டில் அரிசி ஒன்றே நின்றுவிட்டது. கம்பும் குதிரைவாலியும் விளைந்த புஞ்சைகள் பலவற்றில் கோழித் தீவனத்திற்கான மக்காச்சோளம் நிற்கிறது. மேலும், தீபாவளி முடிந்ததும் பட்டாசு வேலை மந்தமாகும். வெயிலில்லா நாளில் உலர்த்தும் பணியும் நடவாது. சளியும் காய்ச்சலும் மிகும் மாதங்களிலேயே கூலியும் குறைகிறது. எனவே வாதுமையும் பேரிக்காயும் வாங்கச் சொல்வது ஏளனமாகவே முடியும். வாரம் இருநாள் கம்பு, ஒருநாள் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்த உளுந்தங்களி, கைக்கெட்டும் முருங்கைக்கீரை, இவை போதும். நீரிழிவு உடையோர்க்குக் கருப்பட்டியும் சர்க்கரையே என்பதை மறக்கவேண்டா.

வெல்லம் தின்றால் நுரையீரலில் படிந்த மருந்துப்பொடி கரைந்துவிடும் என்று தொழிலாளர் சிலர் நம்புகின்றனர். அவ்வாறு கரைக்கும் உணவு எதுவும் இல்லை. மூக்கையும் வாயையும் மறைக்கும் கவசமும், உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுவதுமே காக்கும்.

கிறிஸ்து பிறப்பு நள்ளிரவுத் திருப்பலிக்குப் பனியில் குழந்தைகளை அழைத்துச்செல்லும் பெற்றோர்க்கு ஒரு சொல். காதையும் மார்பையும் மூடுங்கள். திரும்பியதும் சுக்கும் மல்லியும் போட்ட காப்பி இளஞ்சூட்டில் பெரியவர்க்கும் சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கும் நன்று. ஆனால் ஓராண்டு நிறையாத மழலைக்குச் சளிக்கென்று தேன் தொட்டுவைப்பது அறவே கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமி கைக்குழந்தைக்கு உயிராபத்து விளைவிக்கும். குழந்தை மூச்சு வாங்கும்போது விலா உள்ளே குழிந்தால், கைவைத்தியத்தில் காலம் போக்காமல் அந்த இரவிலேயே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.